முன்பணம்: பட்டிலும் கோகோவிலும் ஒளிந்திருக்கும் வட்டி

ஒரு சாக்லேட் ஹலாலா என்று கேட்டால் நம் சமூகத்தில் பதிலுக்குப் பஞ்சமில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் இ-எண் பட்டியல்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். இ471 விலங்குக் கொழுப்பிலிருந்து வந்ததா, தாவர எண்ணெயிலிருந்து வந்ததா? இ120 என்னும் சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து எடுக்கப்படுகின்றதே, அது கூடுமா? ஜெலட்டின் எந்த விலங்கினுடையது? துபாயிலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ வந்த உறவினரின் பெட்டி திறக்கப்பட்டதும், பிள்ளைகளின் கை நீள்வதற்கு முன்பே உறையின் பின்பக்கம் வாசிக்கப்பட்டுவிடுகின்றது.

இந்தப் பேணுதலை நாம் குறைகூறவில்லை. உண்பதில் எச்சரிக்கை ஈமானோடு சம்பந்தப்பட்டது. நாம் கேட்பது வேறொன்று. அதே உறையில் எங்கும் எழுதப்படாத ஒரு விஷயத்தைப் பற்றி ஏன் எந்தக் குழுவிலும் ஒரு கேள்வியும் எழுவதில்லை? அந்தக் கோகோக் காயைப் பறித்தவர் யார், வெட்டரிவாளால் பிளந்தவர் யார், மூட்டையைச் சுமந்தவர் யார், அவருக்குக் கூலி கொடுக்கப்பட்டதா?

திருக்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது ‘ஹலால்’ என்ற சொல்லோடு ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்தே ஆள்கின்றது. முதல் சொல்லுக்குச் சான்றிதழ் நிறுவனங்கள் வந்துவிட்டன, முத்திரைகள் வந்துவிட்டன. தூய்மையைக் குறிக்கும் இரண்டாம் சொல் பயான்களில் சுத்தம், சத்து, ஆரோக்கியம் என்ற அளவில் சுருங்கிப் போயிற்று. பிறருடைய உழைப்பைப் பறித்து வந்த பொருள் தூய்மையானதாகுமா என்ற விசாரணைக்கு அதில் இடமில்லாமல் செய்துவிட்டோம்.

உலகின் கோகோவில் பாதிக்கும் மேற்பட்டது ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளில் விளைகின்றது. அங்குள்ள பண்ணைகள் பெரும்பாலும் சில ஏக்கர் நிலத்தை உடைய சிறு குடும்பங்களுடையவை. குழந்தை உழைப்பை ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் 2001 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரின் பெயரால் அமைந்த ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. முதல் கெடு 2005. அது தவறிற்று. 2008 என்றார்கள், 2010 என்றார்கள். பின்னர் இலக்கையே தளர்த்தி, 2020க்குள் மிக மோசமான வடிவங்களை 70 விழுக்காடு குறைப்போம் என்றார்கள். அந்த 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்க் ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்டபோது, இவ்விரு நாடுகளின் கோகோப் பகுதிகளில் 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் உழைப்பில் இருப்பது தெரியவந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெட்டரிவாள், பூச்சிமருந்து, தாங்கமுடியாத சுமை என அபாயமான வேலையில் இருந்தார்கள்.

இவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐவரி கோஸ்ட் தோட்டங்களுக்கு வேலைக்கு வருவோரில் பெரும் பகுதியினர் வடக்கேயுள்ள புர்கினா பாசோ, மாலி நாட்டவர். இரண்டும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். சிறுவயதில் கடத்தப்பட்டு அத்தோட்டங்களில் அடிமைகளாக உழைக்க வைக்கப்பட்டோம் என்று கூறி மாலி நாட்டினர் ஆறு பேர் நெஸ்லே, கார்கில் நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. குற்றம் சாட்டப்பட்ட கொடுமைகள் வெளிநாட்டில் நடந்தவை. அமெரிக்கத் தலைமையகத்தில் பொதுவான வணிக முடிவுகள் எடுக்கப்பட்டன என்பது மட்டும் வழக்குக்குப் போதாது என்பது தீர்ப்பின் சாரம். வாசலில் கேட்டால் தோட்டத்தைக் காட்டுவார்கள், தோட்டத்தில் கேட்டால் வாசலைக் காட்டுவார்கள்.

“ஆப்பிரிக்கா எங்கே, நாம் எங்கே? அந்த விவகாரம் கம்பெனிக்காரர்களுடையது” என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காகவே காஞ்சிபுரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து பேருந்தில் இரண்டு மணிநேரத் தொலைவு. நிக்காஹ் நிச்சயமான வீடுகள் பட்டெடுக்கக் காந்தி சாலைக்குப் போகும் அதே காஞ்சிபுரம்.

காஞ்சிப் பட்டின் பெருமைகளில் ஒன்று கோர்வை. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று கோத்துவிடும் நுட்பம் அது. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். இந்த வேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து நெய்ய, பக்கத்தில் ஓர் உதவியாள் கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். பல தலைமுறைகளாக அந்தப் பக்கத்து இருக்கை சிறுவனுக்கோ சிறுமிக்கோ உரியதாக இருந்தது. புடவைக் கடையில் நாம் விரல் வைத்துத் தடவிப் பார்த்து வியக்கும் அந்த இணைப்பு, பள்ளிக்கூடம் போகாத ஒரு பிள்ளையின் நாட்களால் ஆனது.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருக்கும் குழந்தைகளைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. கர்நாடகத்தின் நூற்பு, முறுக்கு ஆலைகள், வாரணாசித் தறிகள், காஞ்சிபுரத் தறிகள் ஆகியவற்றை அது ஆராய்ந்தது. கொதிநீரில் கிடக்கும் பட்டுக்கூடுகளைக் கையால் துழாவி இழை எடுத்துக் கொடுக்கும் குழந்தைகளின் வெந்து கொப்பளித்த கைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும். காஞ்சித் தறிக்கு வேண்டிய நூலில் பெரும் பங்கு கர்நாடகத்திலிருந்து வருகின்றது. ராமநகரம், சித்லகட்டா ஊர்களில் பட்டு நூற்பு நடத்துவோரிலும் கணிசமானோர் முஸ்லிம்கள்தாம். ஆக, கூலி மறுக்கப்பட்டவர்களிலும் நம்மவர் உண்டு, மறுத்தவர்களிலும் நம்மவர் உண்டு. பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள். (இந்த வகையில் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளும் பாலாறும் என்ற வேறொரு கணக்கும் நம்மிடம் நிலுவையில் இருக்கின்றது. 1996இல் உச்ச நீதிமன்றமே அதைப் பற்றித் தீர்ப்பெழுதியது. அதைத் தனியே பேச வேண்டும்.)

இந்தக் குழந்தைகள் தறிக்கும் கொப்பரைக்கும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் மையம். அவர்களை யாரும் சங்கிலியால் கட்டி இழுத்துவரவில்லை. வீட்டில் ஒரு நோய், ஒரு சாவு, ஒரு கல்யாணம். தறி முதலாளி முன்பணம் கொடுத்தார். வட்டி இல்லை. கணக்குப் புத்தகத்தில் வட்டி என்ற பத்தியே இருக்காது. கடன் தீரும்வரை அவரிடமே வேலை செய்ய வேண்டும், வேறு தறிக்குப் போகக்கூடாது, கூலி அவர் சொல்வதுதான் என்பதே நிபந்தனை. கூலி குறைவாக இருப்பதால் கடன் தீராது. கடன் தீராததால் கூலியை உயர்த்திக் கேட்க முடியாது.

வட்டி இல்லை என்பதால் இது ஹலாலான ஏற்பாடு என்று நினைப்பவர்கள் நம்மில் இருக்கின்றார்கள். முஸ்லிம் முதலாளிகள் சிலர் இதைப் பெருமையாகவே சொல்லக்கூடும்: “நாங்கள் வட்டிக்குக் கொடுப்பதில்லை, கைமாற்றாகத்தான் கொடுக்கின்றோம்.” இந்த வாதத்தை முழுமையாக மறுக்கின்றோம். கடன் கொடுத்தவருக்கு ஒரு பயனை நிபந்தனையாக இழுத்துவரும் கடன் வட்டியின் வகையைச் சேர்ந்தது என்பது ஃபிக்ஹ் படித்த எவரும் அறிந்த விதி. பத்தாயிரம் கொடுத்துப் பன்னிரண்டாயிரம் வாங்கினால் வட்டி என்று உடனே சொல்லிவிடுகின்றோம். பத்தாயிரம் கொடுத்து, பத்தாயிரமே திரும்ப வாங்கி, இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் சந்தைக் கூலியைவிடக் குறைந்த கூலிக்கு ஒரு குடும்பத்தையே தறியில் உட்கார வைத்தால், அந்தக் குறைந்த தொகை எங்கே போயிற்று? அது கடன் கொடுத்தவரின் பைக்குள்தான் இருக்கின்றது. பணமாக வாங்காமல் உழைப்பாக வாங்கியதால் வட்டியின் பெயர் மாறிவிடுமா? உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் கட்டளையை மே மாதம் முதல் நாளில் பதாகையில் எழுதித் தொங்கவிடுகின்றோம். இங்கே கூலி வியர்வைக்கு முன்பே கொடுக்கப்படுகின்றது. கேடு அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றது.

ஐவரி கோஸ்ட் கிராமங்களிலும் இதே ஏற்பாட்டைக் காண்கின்றோம். அறுவடைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்கும். கிராமம் கிராமமாகச் சென்று கோகோ வாங்கும் இடைத்தரகர் அப்போது கடன் கொடுப்பார். விளைச்சல் வந்ததும் அவருக்கே விற்க வேண்டும். அவருடைய தராசு, அவர் சொல்லும் தரம், அவர் சொல்லும் விலை. அளவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே ஓர் அத்தியாயம் (அல்முதஃப்பிஃபீன்) இறங்கியிருப்பதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை.

விளைச்சலுக்கு முன்பே பணம் கொடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மதீனாவின் விவசாயிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் வாங்கிவந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள். அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும். ‘ஸலம்’ என்னும் இந்த ஒப்பந்தத்தில் விலை முழுவதும் ஒப்பந்த நேரத்திலேயே உழவரின் கைக்கு வந்துவிடும். தரகரின் முன்பணத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள். விலை பேசப்படவில்லை, எடை அவர் தராசில், தவணை அவர் விருப்பத்தில். ஒன்று வியாபாரம், மற்றொன்று பிடி. 1400 ஆண்டுகளுக்கு முன்பே தீர்வு சொன்ன மார்க்கம் என்று மேடையில் முழங்குகின்ற நம் பேச்சாளர்கள், அந்தத் தீர்வை ஒரு நெசவாளரோடோ ஒரு சிறு விவசாயியோடோ செய்துகாட்டியதை நாம் அதிகம் கண்டதில்லை. இஸ்லாமிய வங்கிகளின் அறிக்கைகளில் மட்டும் ஸலம் அழகாக இருக்கின்றது.

குறைந்த கூலியால் பொருள் மலிவாகக் கிடைக்கின்றதே என்று நுகர்வோர் மகிழவும் வழியில்லை. பல்லாண்டுகள் டன்னுக்கு 2,500 டாலரை ஒட்டியே கிடந்த கோகோ விலை, 2024இல் 12,000 டாலரையும் தாண்டிற்று. பருவம் தவறியது, நோய் தாக்கியது, இரண்டும் உண்மை. ஆனால் மரங்கள் கிழடாகியிருந்தன. புதுக்கன்று நடவும் உரமிடவும் பணமில்லாத விவசாயி என்ன செய்வார்? காட்டை அழித்துப் புதுநிலம் தேடினார். ஐவரி கோஸ்ட் தன் காடுகளில் பெரும்பகுதியை இழந்தது இப்படித்தான். விலை நான்கு மடங்கு ஏறியபோதும் அவ்விரு நாடுகளிலும் கொள்முதல் விலை அரசால் முன்னரே நிர்ணயிக்கப்பட்டிருந்ததால், உயர்வின் பெரும்பகுதி விளைவித்தவரைச் சென்றடையவில்லை.

காஞ்சிபுரத்தில் இது வேறு உருவத்தில் நிகழ்ந்தது. தறியில் அமர ஆளில்லை. நெசவாளரின் மகன் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனிப் பேருந்தில் போகின்றான். அவனைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. 2019-20ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுகின்றன. நாடு முழுவதற்குமான கணக்கு அது, பருத்தி நெசவாளரும் அதில் அடக்கம். எனினும் ஒரு கோர்வைப் புடவைக்குப் பத்து முதல் இருபது நாட்கள் இருவர் உழைக்கின்றார்கள், பாவு போடுவதும் தார் சுற்றுவதும் வீட்டுப் பெண்களின் கணக்கில் வராத வேலை என்பதை நினைத்தால், மகன் ஏன் பேருந்தில் ஏறினான் என்பது விளங்கும்.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கின்றது. அது ஊரைச் சொல்லும். சில்க் மார்க் இருக்கின்றது. அது நூல் சுத்தப் பட்டு என்று சொல்லும். கைத்தறி முத்திரை இருக்கின்றது. அது விசைத்தறியில் நெய்யப்படவில்லை என்று சொல்லும். சாக்லேட்டின் ஹலால் முத்திரை கலவையைச் சொல்லும். நெய்தவருக்கு, விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது என்பதை இவற்றில் ஒன்றும் சொல்லாது. நியாய வணிகச் சான்றிதழ்கள் இருக்கின்றனவே என்பார்கள். சிறிதளவு பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல சான்றிதழ் முறைகளில் சான்று பெற்ற கோகோவையும் பெறாததையும் ஆலையில் ஒன்றாகக் கலந்துவிட்டு, எத்தனை டன் வாங்கினார்களோ அத்தனை டன்னுக்கு முத்திரை குத்திக்கொள்ள அனுமதி உண்டு. பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் கலந்துவிட்டு, மாட்டுக் கொழுப்பின் அளவுக்கு மட்டும் ஹலால் முத்திரை குத்துகின்றோம் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்?

கேட்பதால் ஏதும் மாறாது என்ற சோர்வுக்கும் காஞ்சிபுரமே மறுப்பு. காஞ்சித் தறிகளில் சிறுவரைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. நிறுவனங்கள் தாமாக அளித்த வாக்குறுதிகளால் இது நடக்கவில்லை. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்தது, சிறப்புப் பள்ளிகள் திறந்தது. 1982 முதல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பள்ளிக்கூடத்திலேயே சோறு போட்டது. சட்டம், பள்ளி, சோறு ஆகிய மூன்றும் செய்ததை, கோகோ நிறுவனங்களின் கால் நூற்றாண்டு வாக்குறுதி செய்யவில்லை. 2016இல் திருத்தப்பட்ட சட்டம், பள்ளி நேரம் போக அபாயமற்ற குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கின்றது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் அது சிறிய கதவல்ல. முன்பணமோ சட்டத்துக்கு அஞ்சி ஒழியவில்லை; பெரியவர்களின் கழுத்தில் அது இன்றும் தொங்குகின்றது.

வாங்காமல் இருப்பது எப்படி என்பது நம் சமூகத்துக்குத் தெரியாத கலையல்ல. காஸாவுக்காக எத்தனை குளிர்பானங்களை, எத்தனை சாக்லேட்டுகளை அலமாரியிலேயே விட்டுவந்தோம்! ஆனால் பட்டையோ சாக்லேட்டையோ ஒரேயடியாகப் புறக்கணியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வாங்குவதை நிறுத்தினால் முதலில் பசியில் விழுபவர் நெசவாளர்தான். மாப்பிள்ளையின் ஷெர்வானியில் எத்தனை விழுக்காடு பட்டு இருக்கலாம் என்று ஆலிமிடம் கேட்கும் வீடு, மணப்பெண்ணின் புடவையை நெய்தவர் யார் என்று கடைக்காரரிடமும் கேட்கட்டும். கூட்டுறவுச் சங்கத் தறியா, தனியார் தறியா? கூலி எவ்வளவு? நெசவாளர் முன்பணத்தில் இருக்கின்றாரா? சங்கங்களிலும் குறைகள் உண்டு. ஆயினும் அங்கே கூலி புத்தகத்தில் ஏறுகின்றது, கேட்டுப் பார்க்க ஒரு பதிவேடு இருக்கின்றது. முதல் பத்து வாடிக்கையாளர்கள் கேட்கும்போது கடைக்காரர் சிரிப்பார். ஐம்பதாவது வாடிக்கையாளர் கேட்கும்போது பதில் தயாராக இருக்கும்.

ஜமாஅத்துகளின் பைத்துல்மால்களுக்கு இதைவிட நேரடியான வேலை இருக்கின்றது. முன்பணத்தை அடைத்து ஒரு நெசவாளரை விடுவிக்க அழகிய கடன் கொடுக்கலாம். எங்கே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடாது. காஞ்சி நெசவாளர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அழகிய கடனுக்கும் ஸதகாவுக்கும் அது எவ்விதத் தடையுமன்று. ஸகாத்தைப் பொறுத்தவரை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் அதை அவர்களிடமே விடுகின்றோம். ஆனால் ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் அடிமைத்தளையில் இருப்போரும் கடனாளிகளும் இடம்பெற்றிருக்கின்றார்கள் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. ரமலானில் வசூலாகும் தொகையைப் பங்கிட அமரும் நிர்வாகிகள், இந்த ஆண்டு ராமநகரத்துக்கும் சித்லகட்டாவுக்கும் இருவரை அனுப்பி, முன்பணத்தில் சிக்கியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றின் கடன் எவ்வளவு, யாரிடம் என்று எழுதிவரச் செய்யட்டும். அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவு, ஒரு நிக்காஹ் புடவையின் விலைக்கு மிகவும் கீழேதான் இருக்கும்.